புரையும் அழுத்தமும்: ஒரே கீறலில் இரண்டு வேலை

எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் கடற்கரைச் சாலையில் சந்தித்தால் முதல் பேச்சு பென்ஷன், இரண்டாவது சர்க்கரை, மூன்றாவது கண். அந்த மூன்றாவது பேச்சில் இப்போது ஒரு புதுச் சொல் நுழைந்திருக்கிறது: 'மிக்ஸ்'. காதில் விழும்போது சமையலறைச் சாமான் போல இருந்தாலும் விஷயம் பெரியது. கண்புரையை எடுக்கும்போதே, அதே சிறு கீறல் வழியாக உள்ளே போய், கண் அழுத்தத்துக்கும் ஒரு வழி செய்துவிட்டு வருவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். "புரை எடுக்கப் போனவனிடம் இன்னொன்றையும் தலையில் கட்டுகிறார்களே, இது காசு பார்க்கிற வேலையா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சுமார் முந்நூறு வருடம்.

நான் பிரெஞ்சில் படித்தவன். 'கட்டராக்ட்' என்ற சொல்லை முதலில் கேட்டது பூகோள வகுப்பில், நைல் நதியின் நீர்வீழ்ச்சிகளைப் படித்தபோது. அதே சொல் கண்ணுக்கும் எப்படி வந்தது என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. மூளையிலிருந்து ஏதோ ஒரு கெட்ட நீர் கண்ணுக்குள் விழுந்து உறைந்துவிடுகிறது என்று பழைய வைத்தியர்கள் நம்பினார்கள். அரபு மருத்துவர்கள் அதை 'நீர் இறங்குதல்' என்றே அழைத்தார்கள். லத்தீனில் மொழிபெயர்த்தவர்கள் அதை நீர்வீழ்ச்சியாக்கினார்கள். 'குளோகோம்' என்பது கிரேக்கச் சொல். நீலமும் பச்சையும் கலந்த கடல் நிறத்தைக் குறிப்பது. எந்தக் கண் வெளுத்திருக்கிறது, எந்தக் கண் பச்சையாகத் தெரிகிறது என்று வெளியிலிருந்து பார்த்துப் பெயர் வைத்த காலம் அது. இரண்டு நோய்க்கும் உள்ள வேறுபாடு யாருக்கும் தெளிவாகத் தெரியாது.

1705இல் துர்னே என்ற ஊரில் மிஷேல் பிரிசோ என்ற மருத்துவர், இறந்துபோன ஒரு சிப்பாயின் கண்ணை அறுத்துப் பார்த்தார். புரை என்பது வெளியிலிருந்து விழுந்த நீர் அல்ல, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸே மங்கிப்போவதுதான் என்று கண்டார். பாரிஸ் அகாதெமி முதலில் இதை நம்பவில்லை. மேலதிகாரி கையெழுத்துப் போடாமல் கோப்பைத் திருப்பி அனுப்புவது எல்லா நாட்டிலும், எல்லா நூற்றாண்டிலும் நடப்பதுதான். சில வருடங்களில் வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

அதுவரை இருந்த சிகிச்சை ஒன்றுதான். ஊசியால் குத்தி, மங்கிய லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே பின்னால் தள்ளிவிடுவது. நம் சுசுருதர் எழுதிவைத்த முறை. ஐரோப்பா முழுக்கவும் அதுதான். தள்ளியவுடன் வெளிச்சம் தெரியும், நோயாளி கும்பிடுவார், ஊசிக்காரர் கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகுதான் வினை ஆரம்பிக்கும். உள்ளே மிதக்கும் லென்ஸால் கண் வீங்கும், சீழ் பிடிக்கும், பல பேருக்கு அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போகும். இசை மேதை பாஹ் 1750இல் லைப்சிக் நகரில் ஜான் டெய்லர் என்ற ஊர்சுற்றி வைத்தியரிடம் கண்ணைக் கொடுத்தார். சில மாதங்களில் காலமானார். அதற்கு மூன்று வருடம் முன்பே, 1747இல், பிரான்ஸில் ழாக் தாவியேல் மங்கிய லென்ஸைத் தள்ளாமல் வெளியே எடுத்துக் காட்டியிருந்தார். மார்செய் நகரில் 1720இல் கொள்ளைநோய் வந்தபோது அங்கே சேவை செய்து பெயர் வாங்கிய அறுவை மருத்துவர் அவர். கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல இருக்கும் கார்னியாவின் கீழ்ப் பாதியை வெட்டித் திறந்து எடுத்தார். மயக்க மருந்து கிடையாது. கண்ணை மரத்துப்போக வைக்கும் கொக்கெயின் சொட்டு வந்தது 1884இல்தான். அந்த வலியை நினைத்துப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை.

(இடையில் ஒரு பிரெஞ்சுச் சங்கதி. பாரிஸில் 'கேன்ஸ் வேன்' என்று புகழ்பெற்ற கண் மருத்துவமனை இருக்கிறது. அதன் பெயருக்கு 'பதினைந்து இருபதுகள்' என்று பொருள். 13ஆம் நூற்றாண்டில் அரசர் ஒன்பதாம் லூயி முந்நூறு பார்வையற்றோருக்காக அதைக் கட்டினார். முந்நூறு என்று சொல்லாமல் இருபது இருபதாகப் பதினைந்து முறை எண்ணியிருக்கிறார்கள். பிரெஞ்சில் எண்பதை 'நாலு இருபது' என்று சொல்லக் கற்றுக்கொண்டவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.)

அழுத்த நோயின் கதை இன்னும் மெதுவாக நகர்ந்தது. கண்ணுக்குள்ளே பார்க்க உதவும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகுதான் பின்பக்கத்தில் இருக்கும் பார்வை நரம்பு குழி விழுந்து கெடுவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. 1857இல் பெர்லின் மருத்துவர் ஃபோன் கிரேஃப, கண்ணின் கரும்பகுதியான ஐரிஸில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் அழுத்தம் இறங்குகிறது என்று அறிவித்தார். தலைவலி, வாந்தி, சிவந்த கண் என்று திடீரென்று வரும் வகைக்கு அது உயிர்காக்கும் சிகிச்சையாக இருந்தது. சத்தமில்லாமல் வருடக்கணக்கில் தின்னும் வகைக்கு அது பெரிதாக உதவவில்லை. ஏன் என்று அவருக்கே புரியவில்லை.

காரணம் இதுதான். கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரக்கிறது. சுரப்பது போலவே வடியவும் வேண்டும். கார்னியாவும் ஐரிஸும் சேரும் மூலையில் ஒரு சல்லடை இருக்கிறது. அதன் பின்னால் ஒரு நுண்ணிய வாய்க்கால். 1830இல் அதை விவரித்த ஃப்ரீட்ரிஷ் ஷ்லெம்மின் பெயராலேயே ஷ்லெம் கால்வாய் என்கிறார்கள். சிலருக்கு அந்த மூலையே மூடிக்கொள்கிறது. அதாவது வீட்டு வாய்க்காலின் வாயில் கதவு சாத்திக்கொண்டது போல. மற்றவர்களுக்கு மூலை திறந்திருக்கிறது, சல்லடைதான் அடைத்துக்கொண்டது. கிரேஃபவின் வெட்டு முதல் வகைக்குக் கதவைத் திறந்துவிட்டது. இரண்டாவது வகையில் கதவு ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. மூலையை நேராகப் பார்க்கும் கண்ணாடி லென்ஸ் இருபதாம் நூற்றாண்டில் வந்த பிறகுதான் இந்த வேறுபாடு தெளிவானது. இன்றும் மருத்துவர் நம் கண்ணில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, ஒரு கனத்த லென்ஸை ஒட்டிவைத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

இங்கேதான் புரையும் அழுத்தமும் சந்திக்கின்றன. நம் லென்ஸ் வயதாக ஆகத் தடிக்கிறது. இளமையில் 4 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருப்பது முதுமையில் 5 மில்லிமீட்டரை நெருங்கும். சின்ன கண்ணாக இருந்தால், தடித்த லென்ஸ் ஐரிஸை முன்னால் தள்ளி மூலையை அடைக்கும். அதை எடுத்துவிட்டு மெல்லிய செயற்கை லென்ஸ் வைத்தால் உள்ளே இடம் கிடைக்கிறது. ஆக, புரை சிகிச்சையே பலருக்கு அழுத்தச் சிகிச்சையும்கூட. 2016இல் வெளியான 'ஈகிள்' என்ற ஆய்வில், மூலை மூடிக்கொண்ட 419 பேரில் ஒரு பாதிப் பேருக்கு, லென்ஸ் இன்னும் தெளிவாக இருக்கும்போதே எடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான லேசர் சிகிச்சையை விட அதுவே நல்ல பலன் தந்தது. கதவு சாத்திக்கொள்ளும் வகை ஐரோப்பியரைவிட ஆசியர்களிடம் அதிகம் என்பதால் இது நமக்கு முக்கியமான செய்தி.

என் பெரியப்பா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். சைகோனிலிருந்து திரும்பி, சொல்தா பென்ஷனோடு நிம்மதியாக இருந்தார். எழுபது வயதில் பார்வை மங்கியது. "புரை இன்னும் முத்தவில்லை, முத்தட்டும்" என்று ஓர் இடத்தில் சொல்லி அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் எல்லாரும் சொன்னதுதான் அது. இவரும் தேங்காய் முத்துவதற்குக் காத்திருப்பது போல இரண்டு வருடம் காத்திருந்தார். வாசற்படியில் இடறுவார், பக்கத்தில் வந்து நிற்கும் ஆள் தெரியாது, எதிரே தூரத்தில் வருபவன் தெரிவான். அது புரையின் அடையாளம் அல்ல, ஓரப் பார்வை போவதன் அடையாளம் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் புரையை எடுத்தார்கள். கட்டைப் பிரித்ததும், "தம்பி, சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்குடா" என்றார். புரை போய்விட்டது. நரம்பு அதற்கு முன்பே போயிருந்தது. அழுத்தத்தால் போன பார்வையைத் திருப்பித் தரும் சிகிச்சை அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

சல்லடை அடைத்துக்கொண்ட வகைக்கு என்ன செய்வது? வாய்க்காலைச் சரிசெய்ய முடியாவிட்டால், சுவரில் வேறு ஓட்டை போடு என்றார்கள். 1906 வாக்கில் போர்தோவில் ஃபெலிக்ஸ் லக்ராஞ்ஜ் கண்ணின் வெள்ளைச் சுவரில் ஒரு துண்டை வெட்டி எடுத்து நீர் கசிய வழி செய்தார். அடுத்த பெரிய அடி விழுந்தது நம் பக்கத்தில். 1819இல் தொடங்கிய சென்னைக் கண் மருத்துவமனையை, எழும்பூர் கண்ணாஸ்பத்திரி என்று நாம் சொல்வதை, அப்போது நடத்திவந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். 1909இல் அவர் சின்ன உருளை வெட்டுக்கத்தியால், கருவிழி ஓரத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் வட்டத் துளை போடும் முறையைத் தொடங்கினார். 1913இல் அதைப் புத்தகமாக்கினார். பல வருடம் உலகெங்கும் அதைப் பின்பற்றினார்கள். அதே எலியட்தான், ஊசிக்காரர்கள் கெடுத்த கண்களைச் சேர்த்துவைத்து ஆராய்ந்து, 1917இல் இன்னொரு புத்தகம் எழுதினார். புரையின் தவறான சிகிச்சை எப்படி அழுத்தத்தில் போய் முடிகிறது என்பதை அவரைப் போல நேரில் பார்த்தவர்கள் குறைவு.

1968இல் கேம்பிரிட்ஜில் ஜான் கெய்ர்ன்ஸ் செய்த மாற்றம்தான் இன்றுவரை நிற்கும் பெரிய ஆபரேஷன்: டிராபெகுலெக்டமி. அதில் ஒரு வேடிக்கை உண்டு. சல்லடையில் ஒரு துண்டை வெட்டினால் நீர் ஷ்லெம் கால்வாயின் வெட்டுண்ட முனைகளுக்குள் ஓடும் என்று நினைத்துத்தான் அவர் வெட்டினார். நீர் அந்த வழியில் போகாமல், கண்ணின் மேல்தோலுக்கு அடியில் கசிந்து சின்னக் கொப்புளமாகச் சேர்ந்தது. அழுத்தம் இறங்கியது. நினைத்த காரணத்தால் அல்ல, நினைக்காத காரணத்தால் வெற்றி. நோய் முற்றியவர்களுக்கு இன்றும் அதுதான் வலுவான கருவி. ஆனால் அந்தக் கொப்புளம் ஆயுள் முழுக்கக் கவனிக்க வேண்டிய பிள்ளை. தழும்பு மூடினால் பயனில்லை, அதிகம் கசிந்தால் கண் தளர்ந்துவிடும், வருடங்கள் கழித்தும் கிருமி உள்ளே போகலாம்.

இந்தப் பெரிய ஆபரேஷனையும் புரை ஆபரேஷனையும் சேர்த்துச் செய்யப் பலர் முயன்றார்கள். அப்போது புரைக்கே பெரிய வாசல் வேண்டியிருந்தது. அரை வட்டமாக வெட்டி, தையல் போட்டு, நோயாளியை அசையாமல் படுக்கவைத்த காலம். ஒரே கண்ணில் இரண்டு பெரிய வெட்டு என்றால் கசிவு, வீக்கம், தழும்பு எல்லாம் கூடும். அதனால் முதலில் அழுத்தம், சில மாதம் கழித்துப் புரை என்று தனித்தனியாகச் செய்தார்கள். அதிலும் ஒரு சங்கடம்: பின்னால் செய்யும் புரை ஆபரேஷன், முன்னால் கஷ்டப்பட்டு உண்டாக்கிய கொப்புளத்தைச் சிலருக்கு மூடிவிடும்.

வாசல் சிறிதானதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. 1949 நவம்பரில் லண்டனில் ஹரால்ட் ரிட்லி முதல் செயற்கை லென்ஸை வைத்தார். போர் விமானத்தின் பிளாஸ்டிக் கூரை உடைந்து விமானிகளின் கண்ணுக்குள் போன சில்லுகளைக் கண் வெறுக்கவில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். 1960களில் நியூயார்க்கில் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, பல் சுத்தம் செய்யும் ஒலிக் கருவியைப் பார்த்து, லென்ஸை உள்ளேயே தூளாக்கி உறிஞ்சும் யோசனையைப் பெற்றார். பிறகு மடிக்கக்கூடிய லென்ஸ் வந்தது. இன்று 2 முதல் 3 மில்லிமீட்டர் கீறல் போதும். பெரும்பாலும் தையலே இல்லை. இவ்வளவு சின்ன வாசல் ஏற்கெனவே திறந்திருக்கும்போது, அதன் வழியே எதிர்ப்பக்க மூலைக்குப் போய் சல்லடையைக் கவனித்துவிட்டு வந்தால் என்ன? சல்லடையை உள்ளிருந்து கீறும் யோசனை பழையதுதான். 1930களில் சான் பிரான்சிஸ்கோவில் ஓட்டோ பார்க்கன், பிறவியிலேயே அழுத்தம் உள்ள குழந்தைகளுக்கு அதைச் செய்து பல பேரின் பார்வையைக் காப்பாற்றியிருந்தார். பெரியவர்களுக்கு அதைத் திருத்தி எடுத்துவரக் கருவிகள் வேண்டியிருந்தன. கனடாவின் ஐக் அகமது இந்தக் குடும்பத்துக்கே 'மிக்ஸ்' என்று பெயர் வைத்தார்.

2012இல் அமெரிக்க மருந்துத் துறை 'ஐஸ்டென்ட்' என்ற குழாயை அனுமதித்தது. டைட்டானியத்தால் ஆனது, நீளம் 1 மில்லிமீட்டர். சல்லடையைத் துளைத்து நேராக ஷ்லெம் கால்வாய்க்குள் உட்காரும். கெய்ர்ன்ஸ் 1968இல் நீரை எங்கே அனுப்ப நினைத்தாரோ, கடைசியில் அங்கேயே அனுப்பினார்கள். அனுமதி ஒரு நிபந்தனையோடு வந்தது: புரை ஆபரேஷனோடு சேர்த்துத்தான் வைக்கலாம்.

என் நண்பரின் கேள்விக்கு இங்கேதான் பதில். அந்த அனுமதிக்கு ஆதாரமான ஆய்வில் 240 கண்கள். ஒரு வருடம் கழித்து, மருந்தே இல்லாமல் அழுத்தம் 21க்குள் இருந்தவர்கள், குழாயும் வைத்தவர்களில் 72 சதவீதம். வெறும் புரை மட்டும் எடுத்தவர்களில் 50 சதவீதம். இரண்டு எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பாதிப் பேருக்குப் புரை எடுத்ததே போதுமானதாக இருந்தது. குழாயால் கூடுதலாகப் பலன் பெற்றவர்கள் நூறில் இருபத்திரண்டு பேர். இது ஏமாற்று வேலை அல்ல, அதிசயமும் அல்ல. பிறகு வந்த 8 மில்லிமீட்டர் 'ஹைட்ரஸ்' வளைவை 556 கண்களில் சோதித்து ஐந்து வருடம் தொடர்ந்தார்கள். சொட்டு மருந்தே வேண்டாதவர்கள் அதில் 66, புரை மட்டும் எடுத்தவர்களில் 46 சதவீதம். தினமும் மூன்று வேளை கைநடுங்கச் சொட்டு விட்டு, பாதி கன்னத்தில் வழியவிடும் நம் வயதில், சொட்டு இல்லாத ஒரு நாளின் அருமை நமக்குத் தெரியும்.

ஆனால் அந்த ஐந்து வருடக் கணக்கு எல்லாருக்கும் சாதகமாக அமையவில்லை. 'சைபாஸ்' என்று ஒரு குழாய் 2016இல் அனுமதி பெற்றது. சல்லடையை விட்டு, வேறு ஓர் இடைவெளிக்குள் நீரை அனுப்புவது. இரண்டு வருட முடிவுகள் நன்றாகவே இருந்தன. ஐந்தாவது வருடம் பார்த்தபோது, கார்னியாவின் உட்புறச் செல்கள் வழக்கத்தைவிட அதிகமாக அழிந்திருந்தன. அவை மறுபடி வளராதவை. அவைதான் கார்னியாவைத் தெளிவாக வைத்திருப்பவை. 2018 ஆகஸ்டில் கம்பெனியே உலகம் முழுவதும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆகஸ்டில்தான் ஹைட்ரஸுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. முப்பது வருடம் கோப்பு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு தீர்மானத்தின் தகுதியை அது கையெழுத்தான தேதியில் எடை போட முடியாது.

குழாய் இல்லாமலும் செய்கிறார்கள். நைலான் போன்ற மெல்லிய தையல் நூலை ஷ்லெம் கால்வாய்க்குள் விட்டு, வட்டமாகச் சுற்றிவரச் செய்து, இழுத்தால் சல்லடை உட்பக்கமாகக் கிழிந்து வாய்க்கால் திறந்துகொள்ளும். 2014இல் அமெரிக்காவில் வெளியிட்ட முறை. நூலின் விலை மட்டும் என்பதால் நம் நாட்டுக்கு ஏற்றது. என் வலது கண்ணுக்குப் புரையோடு சேர்த்து இதைத்தான் செய்தார்கள். துலூஸில் இருக்கும் பள்ளித் தோழன் ஒருவனுக்கு டைட்டானியக் குழாய். தொலைபேசியில் சொன்னபோது, "எனக்கு டைட்டானியம், உனக்குத் தையல் நூலாடா?" என்று சிரித்தான். நூல் முறையில் சில நாள் கண்ணுக்குள் ரத்தம் தேங்கும். எனக்கு ஒரு வாரம் எல்லாம் சிவப்புத் திரைக்குப் பின்னால் தெரிந்தது. தலையணையை உயர்த்திப் படுக்கச் சொன்னார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் நண்பர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். நிறுத்த முடியாத மாத்திரை என்றால் இந்த முறையே சரிப்படாது. மூன்று சொட்டு ஒன்றாகியிருக்கிறது. நாலு மாதத்துக்கு ஒருமுறை அழுத்தம் பார்க்கிறார்கள், ஓரப் பார்வைச் சோதனையும் நடக்கிறது.

இதெல்லாம் ஆரம்ப, நடுக்கட்டத்துக்கு. நரம்பு வெகுவாகக் கெட்டு, அழுத்தத்தைப் பன்னிரண்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டியவர்களுக்கு இந்தச் சின்ன வேலைகள் பொதுவாகப் போதாது. கெய்ர்ன்ஸின் கொப்புளத்துக்கோ, பெரிய குழாய்க்கோ போக வேண்டியிருக்கும். மூலை மூடியவர்களுக்குக் கணக்கே வேறு. அதனால் புரைக்குத் தேதி வாங்கும் முன்பே, ஒட்டுக் கண்ணாடி வைத்து மூலையைப் பார்த்தார்களா, நரம்பைப் பார்த்தார்களா என்று கேட்டுவிடுங்கள். புரையை எடுத்த பிறகு அந்த வாசல் மூடிக்கொள்ளும். மறுபடி திறக்க இன்னொரு ஆபரேஷன்.

கண்ணுக்குள் ஏதாவது உலோகம் வைத்தால், ஒரு சிறு அட்டை தருவார்கள், என்ன கருவி, எந்த எண் என்று. பின்னால் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது அதைக் காட்டவேண்டும். துலூஸ் தோழன் அதைத் தன் அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிவைத்திருக்கிறான். எனக்கு அட்டை இல்லை, நூலைத்தான் வெளியே எடுத்துவிட்டார்களே. டிஸ்சார்ஜ் தாளை மட்டும் பென்ஷன் புத்தகத்தோடு ஒரே உறையில் போட்டு, மேலே தேதி எழுதி வைத்திருக்கிறேன்.